பசார் ரோட்டில் வாங்கிய கையடக்க வானொலியும் ‘ஸ்குவெல்ச்’ என்ற சொல்லும்

கோலாலம்பூரில் புடு சந்தையை ஒட்டிய ஜாலான் பசாரில், நம்மவர்கள் இன்னும் பசார் ரோடு என்றே சொல்லும் அந்த மின்னணு உதிரிப்பாகக் கடைத்தெருவில், எங்கள் தைப்பூசத் தொண்டர் குழுவுக்காக ஆறு கையடக்க வானொலிகள் (வாக்கி-டாக்கிகள்) வாங்கினோம். இரண்டு தைப்பூசங்களில் அவற்றைப் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன். கருவி வாங்கத் தகுந்தது. விற்ற கடை மீண்டும் நாடிப் போகத் தகுந்தது. ஆனால் கருவியோடு வரும் கையேடு ஒரு சொல்லுக்குத் தவறான விளக்கம் தருகிறது. அந்த ஒரு சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ளாத காரணத்தால் முதல் ஆண்டில் ஓர் அவசர அழைப்பு எங்கள் காதில் விழாமலே போனது. எனவே இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அந்தச் சொல்லைப் பற்றியதாகவே இருக்கும். அந்தச் சொல் ஸ்குவெல்ச்.

முதலில் கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது சீனாவில் தயாரான, 5 வாட் திறன் கொண்ட பண்பலை வாக்கி-டாக்கி. 477.0125 முதல் 477.4875 மெகாஹெர்ட்ஸ் வரை 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்த 39 அலைவரிசைகளில் இயங்குகிறது. மலேசியாவில் 2000 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள வகுப்பு ஒதுக்கீடு என்ற பொது அனுமதியின்படி, இந்த அலைவரிசைகளில் 5 வாட் வரை பேசுவதற்குத் தனி உரிமம் தேவையில்லை. ஒன்பதாம் அலைவரிசை அவசரத்துக்கும் பதினொன்றாம் அலைவரிசை அழைப்புக்கும் உரியவை. தொடர்பு பல்லூடக ஆணையத்தின் சான்று ஒட்டுவில்லை கருவியின் பின்புறம் இருக்கிறதா என்று நாங்கள் கேட்பதற்கு முன்பே கடைக்காரர் மின்கலத்தைக் கழற்றிக் காட்டினார். ஒரு சோடி 200 வெள்ளிக்குச் சற்றுக் குறைவாகவே அமைந்தது. மின்கலம் காலை ஆறு மணி முதல் பிற்பகல் வரை தாங்குகிறது. இடுப்பில் செருகும் கொக்கி மெலிந்தது, இரண்டு உடைந்துவிட்டன. ஒலிபெருக்கி மேளச் சத்தத்தை மீறிக் கேட்கிறது. இவற்றில் மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். கருவியின் அமைப்புப் பட்டியலில் (மெனுவில்) எஸ்.க்யூ.எல். என்ற மூன்று எழுத்துகளும் 0 முதல் 9 வரை எண்களும் இருக்கின்றன. ஸ்குவெல்ச் என்பது இரைச்சலைக் குறைக்கும் வசதி என்றும், எண்ணைக் கூட்டினால் ஒலி தெளிவாகும் என்றும் கையேடு சொல்கிறது. அதை நம்பித் தொண்டர்களுக்காக நான் தயாரித்த ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பிலும் ‘இரைச்சல் குறைப்பான்’ என்றே எழுதினேன். அந்தப் பெயரே தவறு. ஸ்குவெல்ச் பேச்சிலிருந்து இரைச்சலைப் பிரித்தெடுத்து நீக்குவதில்லை. பேச்சைத் தெளிவாக்குவதும் இல்லை. அது ஒரு வாயில். வாயில் திறந்திருந்தால் ஏற்பிக்கு, அதாவது அலையை வாங்கும் பகுதிக்கு, வந்தது எதுவோ அது, இரைச்சலோடு சேர்ந்து, அப்படியே ஒலிபெருக்கிக்குப் போகும். மூடியிருந்தால் எதுவும் போகாது. எண்ணைக் கூட்டுவது அந்த வாயிலில் நிற்கும் காவலனிடம், ‘உரத்துக் கூப்பிடுபவர்களை மட்டும் உள்ளே விடு’ என்று சொல்வதற்குச் சமம்.

இப்படி ஒரு வாயில் ஏன் தேவைப்படுகிறது என்பதற்குப் பண்பலை ஏற்பியின் இயல்பே காரணம். வரும் சைகை (சிக்னல்) எவ்வளவு நலிந்திருந்தாலும் அதை முழு உயரத்துக்குப் பெருக்கி, மிகுதியை வெட்டிச் சமன்செய்யும் பகுதி ஒன்று அதில் உண்டு. எவருமே பேசாத நேரத்திலும் அந்தப் பகுதி சும்மா இருப்பதில்லை. பெருக்குவதற்கு வேறொன்றும் கிடைக்காமல் ஏற்பியின் சொந்த வெப்ப இரைச்சலையே எடுத்து முழு உயரத்துக்கு வளர்த்துவிடுகிறது. அதனால்தான் வாயிலைத் திறந்து வைத்தால் தோட்டத்து லைன் வீட்டின் தகரக் கூரையில் அடைமழை கொட்டுவதைப் போன்ற பேரிரைச்சல் கேட்கிறது. அதே அலைவரிசையில் ஒருவர் பேச்சுப் பொத்தானை அழுத்தியவுடன், அவர் வாயே திறக்காவிட்டாலும், மழை சட்டென்று ஓய்கிறது. இந்த ஓய்வைத்தான் கருவி கவனிக்கிறது. மனிதப் பேச்சுக்கு ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸ் வரை போதும் என்பதால், அதற்கு மேற்பட்ட பகுதியில் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்று ஒரு சுற்று அளந்துகொண்டே இருக்கிறது. அங்கே இரைச்சல் தணிந்தால் யாரோ வந்திருக்கிறார் என்று கொண்டு வாயிலைத் திறக்கிறது. இரைச்சல் மீண்டும் எழுந்தால் மூடுகிறது. இன்றைய ஒற்றைச் சில்லு வானொலிகள் பலவற்றில் சைகையின் வலிமையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் எண் என்பது வாசற்படியின் உயரம். ஏற்பியின் உணர்திறன் அன்று. உணர்திறன் கருவி பிறக்கும்போதே அமைந்தது. நாம் பட்டியலில் மாற்றுவது, அந்த உணர்திறனில் எவ்வளவை வெளியே நிறுத்துகிறோம் என்பதை மட்டுமே.

ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு நசுக்கி அடக்குதல் என்பது பொருள். சேற்றில் கால் புதைந்து எழும் ஓசைக்கும் அதே சொல்தான். தமிழில் இதற்கு ‘இரைச்சல் வாயில்’ என்பது பொருந்தும் என்று இப்போது கருதுகிறேன். எங்கள் குழுவில் அதைவிட எளிதாக ஸ்குவெல்ச்சை இறுக்குவது, தளர்த்துவது என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். இந்த வினைகள் கச்சிதமானவை. இறுக்கினால் அமைதி கிடைக்கும், ஆனால் தூரத்துக் குரல் அறுந்துபோகும். தளர்த்தினால் தூரத்துக் குரல் வரும், கூடவே கரகரப்பும் வரும். குமிழ் வைத்த பழைய கருவிகளில் இரைச்சல் கேட்கும் வரை தளர்த்தி, அது மறையும் புள்ளி வரை இறுக்கி, அங்கேயே நிறுத்துவார்கள். அதற்கு மேல் ஒரு மயிரிழை இறுக்கினாலும் கேட்கும் தூரம் சுருங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எண்களால் ஆன பட்டியல் வந்த பிறகு அந்தக் கைப்பழக்கம் மறைந்து, பெரிய எண் சிறந்த எண் என்ற எண்ணம் பரவிவிட்டது.

எங்களுக்கு நேர்ந்ததும் அதுவே. முதல் ஆண்டு பத்துமலையில் எங்கள் கட்டளைக் கூடாரம் ஆற்றங்கரைப் பக்கம் இருந்தது. அதைச் சுற்றித் தண்ணீர்ப் பந்தல்கள், மின்னாக்கிகள், வரிசை வரிசையாக எல்.இ.டி. விளக்குகள். மலிவான எல்.இ.டி. விளக்குகளின் மின்வழங்கிகள் கசியவிடும் அதிர்வுகள் சில வேளைகளில் நம் அலைவரிசையிலேயே வந்து விழும். கருவிக்கு அது யாரோ பொத்தானை அழுத்தியதைப் போலத் தெரியும். வாயில் திறந்து திறந்து மூடும். அந்த ஓயாத கரகரப்பைப் பொறுக்க முடியாமல் கூடாரத்தில் இருந்த ஒருவர் எண்ணை ஏழுக்கு ஏற்றிவிட்டார். அமைதி கிடைத்தது. எல்லோரும் நிம்மதியடைந்தோம். காலை பத்து மணி அளவில் 272 படிகளுக்கு மேலே, கோவில் குகையின் உள்பகுதியில், ஒரு மூதாட்டி மயங்கி விழுந்தார். அங்கிருந்த எங்கள் தொண்டரான அக்கா, தூக்குப்படுக்கை வேண்டும் என்று நான்கு முறை அழைத்திருக்கிறார். சுண்ணாம்புப் பாறையைச் சுற்றிக் கசிந்து வந்த அந்த நலிந்த அலை எங்கள் கருவியை எட்டியிருக்க வேண்டும். ஆனால் ஏழாம் எண் அதை வாசலிலேயே நிறுத்திவிட்டது. கடைசியில் ஒரு பையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியிறங்கி ஓடிவந்து சொன்னான். மூதாட்டிக்குப் பெரிய கேடு ஒன்றும் நேரவில்லை. ஆயினும், ‘நான் பேசுறது யாருக்குமே கேக்கலையா, அண்ணே?’ என்று மாலையில் அந்த அக்கா கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

கருவியில் கோளாறு என்று நினைத்து ஆறையும் கடைக்கு எடுத்துச் சென்றேன். இந்தக் கடையைப் பாராட்ட வேண்டிய இடம் இதுதான். வேறு இடமாக இருந்தால் புதிய கருவிகளை விற்கப் பார்த்திருப்பார்கள். இங்கே பழுது பார்க்கும் மேசையில் இருந்த தமிழ் அன்பர் என்னை உட்காரவைத்து, அளவறிந்த சைகையை உண்டாக்கும் சைகை ஆக்கியோடு கருவியை இணைத்து, அளந்து காட்டினார். முதல் எண்ணில் ஏறத்தாழ 0.15 மைக்ரோவோல்ட் சைகைக்கே வாயில் திறந்தது. இரண்டிலும் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லை. ஐந்தில் திடீரென்று ஒரு தாவல். ஏழாம் எண்ணில் 0.5 மைக்ரோவோல்ட்டைத் தொட்ட பிறகே திறந்தது. ‘இதுல என்னண்ணே பெரிய வித்தியாசம்’ என்று நான் கேட்டதற்கு, அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். மின்னழுத்தத்தில் மூன்று மடங்குக்கு மேல். திறனாக மாற்றினால் அதன் வர்க்கம், அதாவது பதினொரு மடங்கு. மேலே குகையில் அந்த அக்காவின் கையில் இருந்த 5 வாட் கருவியை, கீழே எங்கள் ஏழாம் எண் அரை வாட்டுக்கும் குறைந்ததாக ஆக்கியிருந்தது. ஒலிபரப்பும் திறனுக்குக் காசு கொடுத்துவிட்டு, கேட்கும் பக்கத்தில் அதை எறிந்துவிட்டோம் என்பதை அந்தத் தாள் எனக்கு உணர்த்தியது.

எண்களுக்கிடையே உள்ள இந்தச் சமமின்மையைக் கருவியின் குறையாகவே பதிவு செய்கிறேன். ஒன்று முதல் மூன்று வரை கிட்டத்தட்ட ஒரே உயரம், பிறகு ஒரே தாவல் என்று இருந்தால் பயனர் நுணுக்கமாக எதையும் அமைக்க முடியாது. திறக்கும் அளவுக்கும் மூடும் அளவுக்கும் இடையே போதிய இடைவெளி வைத்திருப்பது மட்டும் நன்று. அது இல்லையென்றால் நடந்துகொண்டே பேசுபவரின் குரல் துண்டு துண்டாக வெட்டுப்படும். எங்கள் தொண்டர்கள் இரதத்தோடு நடந்துகொண்டே பேசியபோதும் அப்படி வெட்டுப்படவில்லை.

அப்படியானால் கரகரப்புக்கு என்ன வழி? இதற்கு அந்த அன்பர் சொன்ன யோசனைதான் இந்தக் கருவியை எங்களுக்கு முழுப்பயனுள்ளதாக ஆக்கியது. பட்டியலில் சி.டி.சி.எஸ்.எஸ். என்று இன்னொரு வகை ஸ்குவெல்ச் இருக்கிறது. பேசுபவரின் கருவி பேச்சோடு சேர்த்து, 67.0 ஹெர்ட்ஸ் முதல் 250.3 ஹெர்ட்ஸ் வரையுள்ள 38 தாழ்ந்த சுருதிகளில் ஒன்றை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். கேட்பவரின் கருவி அந்தச் சுருதி இருந்தால் மட்டுமே வாயிலைத் திறக்கும். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றை ஒலிபெருக்கிக்கு விடுவதில்லை என்பதால் சுருதி நம் காதில் விழுவதில்லை. தம்பூரா பின்னால் மீட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது, ஆனால் பாடகருக்கு மட்டும் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். எல்.இ.டி. விளக்கின் கசிவில் அந்தச் சுருதி இராது. ஆகவே வாயில் திறக்காது. இரைச்சலில் பேச்சே பாதி முழுகிக் கிடக்கும்போதும் ஒற்றைச் சுருதியைக் கண்டுகொள்வது ஏற்பிக்கு எளிது. எனவே சாதாரண ஸ்குவெல்ச்சை ஒன்றாம் எண்ணில் தளர்த்தி வைத்துவிட்டு, அமைதிக்குச் சுருதியை நம்ப வேண்டும். இறுக்குவதால் கிடைக்கும் அமைதிக்கும் இதனால் கிடைக்கும் அமைதிக்கும் உள்ள வேறுபாட்டை, கருவி வாங்கும் ஒவ்வொருவருக்கும் கடையிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

இங்கேயும் கையேடு தடுமாறுகிறது. இதை அது ‘அந்தரங்கக் குறியீடு’ என்கிறது. மோட்டோரோலா நிறுவனம் இம்முறைக்கு வைத்த வணிகப் பெயரின் பொருளும் ‘தனி இணைப்பு’ என்பதே ஆகையால், இக்குழப்பம் கையேட்டோடு தொடங்கியது அன்று. உண்மையில் அந்தரங்கம் எதுவும் இல்லை. சுருதியை அணைத்து வைத்திருக்கும் எவரும் நாம் பேசுவது முழுவதையும் கேட்கலாம். மாறாக, மற்றவர்கள் பேசுவதுதான் நமக்குக் கேட்பதில்லை. நம் கருவி அமைதியாக இருக்கிறது என்பதற்காக அலைவரிசை காலியாக இருக்கிறது என்று பொருளில்லை. வேறு சுருதியில் இன்னொரு குழு அதே நேரம் பேசிக்கொண்டிருக்கலாம். நாம் பொத்தானை அழுத்தினால் இரண்டு பேச்சும் மோதிக் கெடும். சுருதிக்குப் பதிலாக எண்முறைக் குறியீட்டை அனுப்பும் டி.சி.எஸ். முறைக்கும் இதே நிலைதான். ஆகவே பேசுமுன் பக்கவாட்டில் உள்ள கண்காணிப்புப் பொத்தானை ஒரு நொடி அழுத்திக் கேட்பது மரியாதையும் ஆகும், பாதுகாப்பும் ஆகும். அந்தப் பொத்தான் வாயில்கள் இரண்டையும் திறந்துவிடுகிறது. ஒன்பதாம் அலைவரிசையில் மட்டும் சுருதி வைக்கவே கூடாது. அவசரத்தில் அழைக்கும் அந்நியருக்கு நம் சுருதி தெரிந்திருக்க வழியில்லை.

சொல்லின் மற்றப் புழக்கங்களையும் இக்கருவியை வைத்தே கற்றேன். ஒருவர் பேசி முடித்துப் பொத்தானை விட்டதும் ‘கர்ர்’ என்று ஒரு துண்டு இரைச்சல் கேட்கும். அதற்கு ஸ்குவெல்ச் வால் என்று பெயர். சைகை போய்விட்டது என்று அறிந்து வாயிலை மூடுவதற்குக் கருவி எடுத்துக்கொள்ளும் கணநேரத்தில் தப்பி வரும் இரைச்சல் அது. இந்தக் கருவியில் அந்த வாலை அறுக்கும் வசதி உண்டு. பேசி முடிக்கும் கருவி கடைசியில் ஒரு குறிப்பை அனுப்பி வாயிலை முன்கூட்டியே மூடச் செய்கிறது. காதொலிப்பான் பொருத்தியிருப்பவர்களுக்கு இது பெரும் ஆறுதல். இன்னொன்று, ‘ஸ்குவெல்ச்சை உடைத்தல்’. பேசாமல் பொத்தானை மட்டும் அழுத்தி எதிர்முனையின் வாயிலைத் திறந்து மூடுவது அது. வியட்நாம் போரில் எதிரிக்கு அருகே காவலிருந்த அமெரிக்க வீரர்கள் வாய்திறக்காமல் இப்படி இருமுறை அழுத்தியே நலம் தெரிவித்தார்கள். மேளமும் ‘வேல் வேல்’ முழக்கமும் காதை அடைக்கும் இடத்தில் எங்களுக்கும் அது கைகொடுத்தது: இரண்டு தட்டல் என்றால் ‘கேட்டது, வருகிறேன்’.

ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. வாயில் மூடியிருக்கும்போது மின்கலத்தை மிச்சப்படுத்த ஏற்பி விட்டுவிட்டு உறங்குகிறது. சுருதியைக் கண்டுகொள்ளவும் சற்று நேரம் பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்து முதல் அசையை விழுங்கிவிடுகின்றன. ‘வராதே’ என்பது ‘ராதே’ ஆகிவிடும். பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசினால் சரியாகிவிடும். எண்ணைச் சுழிக்கு இறக்கி வாயிலை எப்போதும் திறந்து வைத்தால் இந்த உறக்கம் இல்லை. ஆனால் மின்கலம் நண்பகலைத் தாண்டாது.

இரண்டாம் தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்பு மாலையில் பத்துமலைக்குப் போய்ச் சோதித்தோம். ஒருவர் மேல்குகையின் கடைசி மூலையில், நான் கீழே ரயில் நிலையத்து வாயிலில். ஐந்தாம் எண்ணில் ஒன்றுமே கேட்கவில்லை. கண்காணிப்புப் பொத்தானை அழுத்தினால் கரகரப்பின் நடுவே அவர் எண்களைச் சொல்லிக்கொண்டிருப்பது நன்றாகப் புரிந்தது. அந்தக் குரல் அவ்வளவு நேரமும் வாசலில்தான் நின்றிருக்கிறது. ஒன்றாம் எண்ணும் சுருதியும் வைத்ததும் பொத்தானை அழுத்தாமலே கேட்டது. திருவிழா நாளில் குகையிலிருந்து வந்த அழைப்புகளில் ஒன்றிரண்டு இரைச்சலோடு வந்தன. திரும்பச் சொல்லச் சொன்னோம். ஆனால் எதுவும் வராமல் போகவில்லை.

கடையைப் பற்றி எஞ்சியது இதுதான். ஆறு கருவிகளுக்கும் கணினி வழியாக ஒரே அமைப்பைப் பதித்து, ஸ்குவெல்ச் எண்ணைத் தொண்டர்கள் மாற்ற முடியாதபடி பட்டியலையும் பூட்டித் தந்தார்கள். வாங்கிய இடம் என்பதால் கூலி வாங்கவில்லை. கடை சிறியது, உட்கார இரண்டு நாற்காலிதான், சனிக்கிழமை நண்பகலில் நெரிசல் தாங்காது. வார நாளில் காலையில் போனால் மேசையில் இருப்பவருக்குப் பேச நேரம் இருக்கும். புடு எல்.ஆர்.டி. நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். கருவியை வாங்குபவர்கள் பெட்டியைப் பிரித்ததும் எஸ்.க்யூ.எல். எண் என்ன என்று பாருங்கள். எங்களுடையவை ஐந்தில் வைத்தே வந்திருந்தன.